சான்றுப் பொருள் இலக்கம் ஒன்று

நெடுந்தீவு வானொலிக் கோபுரத்தின் அன்ரனா வருசத்தில் ஒரு தடவை இந்தியாவைப் பார்க்கத் திரும்பிவிடும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்புவதற்குள், அன்ரனாவைக் குழாயோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நான்கு யூ போல்ட்டுகளையும் கறள் தின்று பாதியாக்கியிருக்கும். காற்று இரண்டு தட்டுத் தட்டினால் போதும். வடகிழக்கே குறிகட்டுவான் இறங்குதுறையைப் பார்த்திருக்க வேண்டிய அன்ரனா, ஒரு முனகலோடு சுற்றி, தென்மேற்கே இராமேஸ்வரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதனால் தீவுக்கு வந்த கரைச்சல் சின்னதல்ல. யாருக்காவது வருத்தம் கடுமையானால், கோபுரத்தடி அறையிலிருந்து வானொலியில் கூப்பிட்டால்தான் குறிகட்டுவானில் நிற்கும் நோயாளர் படகு புறப்படும். 2003ஆம் ஆண்டு ஒருவருக்குக் குடல்வால் வீங்கி, "அவசரம், படகு அனுப்பவும்" என்று கூப்பிட்டபோது, "இறாலாண்ணே, நண்டாண்ணே?" என்று ஒரு குரல் அக்கறையோடு விசாரித்தது. அவர் இராமேஸ்வரத்து மீன் தரகர். நல்ல மனிதர், நோயாளி பிழைத்தாரா என்று அடுத்த நாளும் கேட்டார். சின்ன வள்ளத்தில் இரண்டு மணித்தியாலம் உதைபட்டுப் போய் நோயாளி பிழைத்துக்கொண்டார்.

கோபுரத்துக்குப் பொறுப்பானவர் சில்வெஸ்ரர். முப்பது வருசம் கடலில் கிடந்தவர். சமாதானம் வந்த கையோடு தீவில் கோபுரம் எழும்பியபோது, எண்பது அடி உயரத்தில் தலைசுற்றாமல் நிற்கக்கூடிய ஆள் இவர்தான் என்று கண்டு, 'கோபுர உதவியாளர் (தற்காலிகம்)' என்ற பதவியைக் கொடுத்தார்கள். ஏறுவதும் அவர்தான், இறங்குவதும் அவர்தான், வானொலியில் பேசுவதும் அவர்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பவருக்கு உதவியாள் கிடையாது.

2004 வைகாசியில் அன்ரனா மறுபடியும் திரும்பியபோது சில்வெஸ்ரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஒரே மகள் நிமலினிக்கு வயிற்றில் நாலு மாதம். தாயில்லாத பிள்ளை, புருசன்காரன் மன்னார்க் கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தான். தீவின் மருத்துவிச்சி சின்னத்தங்கம் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாத மனுசி.

"இடுப்பு ஒடுக்கம், சில்வெஸ்ரர். இஞ்சை வைச்சுப் பாக்க ஏலாது. வயித்துக்குத்து எழும்பின உடனை யாழ்ப்பாணம் கொண்டோட வேணும். கடைசி மாசம் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, மண்டைதீவிலை உம்மடை தங்கச்சி வீட்டை கொண்டுபோய் விடும். அதுக்கு முந்தி எழும்பினால் உம்மடை வானொலிதான் கதி."

அன்று பின்னேரமே சில்வெஸ்ரர் ஒரு பச்சை நைலோன் கயிற்றோடு கோபுரத்தில் ஏறினார். வள்ளத்தில் பாய்மரம் கட்டுகிற கட்டு அது. கயிற்றைக் கடல்தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இறுக்கிப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றி, குறுக்கே நாலு சுற்றுப் போட்டு நெரிக்க வேண்டும். நனைந்தால் நீளுகிற சாதி நைலோன். காயக் காய அது சுருங்கி இரும்பைக் கடித்துக்கொள்ளும். வெயில் தின்னாதபடி மேலே பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினார். இறங்கி வந்து வானொலியைத் திறந்தால் குறிகட்டுவான் மணி போலக் கேட்டது.

அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் நேர்மையான மனிதர். கயிறு கயிறுதான், போல்ட் போல்ட்தான் என்று எண்ணி, ஒழுங்கான போல்ட் கேட்டு வர யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டார்.

தீவகக் கோபுரங்கள் அதிகாரசபைக்கு அங்கே ஒரு தலைமையகம், நான்கு பிரிவுகள், முப்பத்தேழு உத்தியோகத்தர், ஒரு கோபுரம் இருந்தன. பெயரைப் பன்மையில் வைத்தது எதிர்காலத்தில் கொண்ட நம்பிக்கையால். பணிப்பாளர் வல்லிபுரத்துக்குக் கடலைக் கண்டால் குமட்டும். ஆகவே அவர் கோபுரத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார். படம் அவருடைய தலைக்கு மேலே, கண்ணாடி போட்டு, மாலையோடு தொங்கியது. சில்வெஸ்ரருக்குக் கோபுரம் செத்துப்போயிற்றோ என்று ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது.

மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. லோஞ்சிலும் பஸ்ஸிலும் நாலு மணித்தியாலம் நின்றுகொண்டே வந்த சில்வெஸ்ரர் அதில் இருக்கப் போனார்.

"அண்ணை, அது பார்வையாளர் கதிரை" என்று பக்கத்து மேசையிலிருந்து எழுதுவினைஞர் மீனாம்பிகை மெல்லச் சொன்னார். "நான்தானே பார்வையாளர்?" "ஓம். ஆனால் இருக்கிறதுக்கு அனுமதி எடுக்க வேணும். படிவம் முடிஞ்சுபோச்சு."

சில்வெஸ்ரர் நின்றபடியே விசயத்தைச் சொன்னார். "ஐயா, நாலு யூ போல்ட் வேணும். கறள் பிடிக்காத எவர்சில்வரிலை. நட்டும் வாஷரும் அதிலையே வேணும். போல்ட் ஒரு சாதி, நட் ஒரு சாதி எண்டால் கடல்காத்திலை ஒண்டையொண்டு தின்னும்."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் கேக்கிறது போல்ட். ஆனால் உமக்குத் தேவை போல்ட் இல்லை."

"பின்னை?"

"கொள்கை. இண்டைக்கு நான் உமக்கு நாலு போல்ட் தந்தால் என்ன நடக்கும்? நீர் கொண்டுபோய்ப் பூட்டுவீர். அது நிக்கும். பிறகு இந்தப் பிரச்சினையை ஆர் ஆராயிறது?" அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. "அதுசரி, இப்ப எது பிடிச்சுக்கொண்டு நிக்குது?"

"கயித்தாலை கட்டினனான், ஐயா."

மீனாம்பிகை அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டினார். "அங்கீகரிக்கப்பட்ட பற்றுறுப்புகள்: ஆணி இருக்கு, ஆப்பு இருக்கு, போல்ட் இருக்கு. கயிறு இல்லை, சேர்."

"அப்ப கயிறு இல்லை" என்றார் பணிப்பாளர்.

"ஐயா, இந்தக் கையாலை கட்டினனான்."

"கட்டியிருப்பீர். ஆனால் இல்லை."

கோப்பில் இப்படிக் குறிப்பு எழுதப்பட்டது: 'அன்ரனா தற்போது எதனாலும் பிடிக்கப்படாமல் நிற்கிறது. காரணம் ஆராயப்படுகிறது.' என்னுடைய கைக்காசிலேயே போல்ட் வாங்கிப் போடட்டுமா என்று சில்வெஸ்ரர் கேட்டபோது பணிப்பாளர் பதறியே போனார். அதிகாரசபை வாங்காத போல்ட்டை அதிகாரசபையின் கோபுரத்தில் ஏற்றுவது தண்டனைக்குரிய குற்றம்.

ஆனியில் 'நீடித்துழைக்கும் பற்றுறுப்புத் தெரிவுக் குழு' அமைந்தது. ஒன்பது பேர். ஒருவரும் கோபுரம் ஏறியதில்லை. ஏறியவர்கள் பக்கச்சார்பாகப் பேசக்கூடும் என்பதால் தவிர்க்கப்பட்டிருந்தார்கள். குழு முதலில் படிவம் பதினான்கை அச்சிட்டு அனுப்பியது. வேண்டப்படும் போல்ட், இதே கோபுரத்தில் இருபது வருடம் உழைத்ததற்கான சான்றை இணைக்க வேண்டும் என்று அதிலே தடித்த எழுத்தில் இருந்தது.

சில்வெஸ்ரர் மறுபடியும் கடல் கடந்து, மறுபடியும் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, கோபுரத்துக்கே இன்னும் மூண்டு வயது ஆகேல்லை."

"அது கோபுரத்தின்ரை குறை. படிவத்தின்ரை குறை இல்லை."

இதை எதிர்பார்த்தே சில்வெஸ்ரர் மடியில் ஒரு பொருளைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய தகப்பனின் வள்ளத்திலிருந்து கழற்றிய செப்பாணி. நாற்பது வருசம் உப்புத்தண்ணீரில் கிடந்தும் ஒரு தழும்பில்லை. கடலுக்கு எது தாங்கும் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும், கேட்டால் சொல்வார்கள் என்று விளக்கினார். பணிப்பாளர் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கடலுக்குக் கீழை இருந்தது. கோபுரம் கடலுக்கு மேலை. ஒப்பிட ஏலாது."

திரும்பும்போது வாசலில் காவலாளி மறித்தார். சில்வெஸ்ரர் உள்ளே போகும்போது ஆணியோடு போனதாகப் பதிவு இல்லை. ஆகவே வெளியே ஆணியோடு போக முடியாது. தகப்பனின் செப்பாணி இன்றும் அந்தக் காவலறையில் கலண்டர் மாட்டப் பயன்படுகிறது.

ஆடியில் உபகுழு ஒன்று வேறு கோணத்திலிருந்து பிரச்சினையை அணுகியது. நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் உண்டு. அவை கோபுரத்தின் இழுவைக் கம்பிகளில் முதுகு சொறிவதால்தான் அன்ரனா திரும்புகிறது என்று உபகுழு கண்டுபிடித்தது. 'குதிரைகள் இங்கே உரசுதல் தடை' என்று மும்மொழியிலும் எழுதிய பலகை வந்து இறங்கியது. பலகை நல்ல உறுதியான பலகை. குதிரைகள் கம்பியை விட்டுவிட்டு அதிலே முதுகு சொறியத் தொடங்கின. திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதப்பட்டது.

இந்த நாட்களிலெல்லாம் சோளகம் பேயாக அடித்தது. கோப்பில் இல்லாத கயிறு கோபுரத்தில் இருந்து அன்ரனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாரடைப்பும் ஒரு பாம்புக்கடியும் ஒழுங்காகக் குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தன. சில்வெஸ்ரர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்; பிறகு நிமலினியின் வயிற்றைப் பார்ப்பார்.

"என்ன அப்பா, ரெண்டையும் அளக்கிறியளோ?" என்று நிமலினி சிரிப்பாள்.

"ஒண்டு திரும்பக் கூடாது, மற்றது தலைகீழாய்த் திரும்ப வேணும் எண்டு அந்தோனியாரைக் கேக்கிறன், பிள்ளை" என்பார்.

குழு கடைசியில் சோதனைக்கு வந்தது. கடைக்காரர்கள் பதினொரு மாதிரிகளைக் கொடுத்திருந்தார்கள். கடல்நீரில் போட்டுக் கறள் பார்ப்பது என்று முடிவாகி, ஒரு கான் நெடுந்தீவுக் கடல்நீரை அனுப்பும்படி சில்வெஸ்ரருக்குக் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தைச் சுற்றிலும் கடல்தான். ஆனால் அது வேறு பிரிவின் கடல்.

கடல்நீர் குளிரூட்டிய அறையில் கண்ணாடிப் போத்தல்களில் வைக்கப்பட்டது. திறந்த தண்ணீரில் நுளம்பு பெருகும் என்று சுகாதாரச் சுற்றறிக்கை இருந்ததால் இரண்டு தடவை கொதிக்கவைத்து ஆறவிட்டார்கள். உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து மாதிரிகளை மறைத்ததால், குழு தெளிவாகப் பார்க்கும்பொருட்டு நல்ல தண்ணீர் கலந்தார்கள். ஆறு கிழமை கழித்துப் புள்ளி போட்டார்கள். கறள் மட்டும்தான் பாடம். மற்றப் பத்து மாதிரிகளும் கொஞ்சம் கூடக் குறையப் புள்ளி எடுத்தன. ஏழாம் இலக்க மாதிரி நூற்றுக்கு நூறு எடுத்தது.

முடிவைக் கேட்க வந்த சில்வெஸ்ரர், ஏழாம் இலக்கத்தைக் கையில் வாங்கியதுமே முகத்தைச் சுளித்தார். பாரமே இல்லை. வெள்ளி நிறம் பூசியிருந்தது. வாயில் வைத்துக் கடித்தார். பல் பதிந்தது.

"ஐயா, இது பிளாஸ்ரிக்!"

"எங்களுக்கு அது பொருட்டில்லை. நாங்கள் நிறம், இனம், குலம் பாக்கிறதில்லை. தகுதிதான்."

"கடைக்காரன் அளவு காட்டுறதுக்கு வைக்கிற பொம்மை ஐயா இது. பின்பக்கம் 'காட்சிக்கு மட்டும்' எண்டு எழுதிக் கிடக்கு."

"கறள் பிடிச்சுதோ இல்லையோ?"

"பிடிக்காது, அது சரி. சீப்பும்தான் கறள் பிடிக்காது!"

பணிப்பாளர் மீனாம்பிகையைப் பார்த்தார். மீனாம்பிகை பட்டியலைப் பார்த்தார்.

"சீப்பு விண்ணப்பிக்கேல்லை, சேர்."

ஏழாம் இலக்கத்துக்கு இருபது வருடம் செல்லுபடியாகும் சான்றிதழ் வழங்கப்பட்டது. சில்வெஸ்ரர் அந்த முறை பஸ்ஸில் வீடு திரும்பும்போது பண்ணைப் பாலத்திலிருந்து புங்குடுதீவு வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாலு போல்ட். யாழ்ப்பாணத்தில் எந்த இரும்புக்கடையிலும் கையை நீட்டினால் கிடைக்கிற நாலு போல்ட்.

புரட்டாதி பதினெட்டு பொருத்து விழா என்று அறிவித்தார்கள். அதே நாள்தான் நிமலினியை மண்டைதீவுக்குக் கூட்டிப்போகவும் நாள் வைத்திருந்தது. பெட்டியும் கட்டியாயிற்று. ஆனால் காலை லோஞ்ச் விழாவுக்கு வரும் பிரமுகர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. தீவுச் சனம் அடுத்த நாள் போகலாம் என்று இறங்குதுறையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"ஒரு நாள்தானே அப்பா" என்றாள் நிமலினி. "ஒரு நாள்தான்" என்றார் சில்வெஸ்ரர். வேறு என்ன சொல்வது!

லோஞ்ச் பத்து மணிக்குப் பிரமுகர்களை இறக்கியது. பணிப்பாளர் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, முகம் பச்சையாக இறங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய புரியாணிப் பார்சல்கள் பிந்திவிட்டதால், அதை ஏற்றிவர லோஞ்ச் அதே சூட்டோடு குறிகட்டுவானுக்குத் திரும்பிப் போயிற்று. கோபுரத்தடியில் பந்தல், குத்துவிளக்கு, பெயர்க்கல் எல்லாம் தயாராக இருந்தன. ஒரு மேசையில் கண்காட்சி: மிஞ்சிய சோதனைக் கடல்நீர் வாயகன்ற ஒரு பெரிய போத்தலில், பக்கத்தில் சான்றிதழ், சட்டத்துக்குள்.

சில்வெஸ்ரர் மேலே ஏறிப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். அவர் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"ஐயா, கயிறும் ஒரு பக்கத்தாலை கிடக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

"ஒரே இடத்திலை ரெண்டு பற்றுறுப்பு இருந்தால், எது பிடிக்குது எண்டு கணக்காய்வு கேக்கும். என்ன சொல்லுறது?"

சில்வெஸ்ரர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். இவர்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போய்விடுவார்கள். மூன்று மணிக்கு நான் திரும்பக் கட்டிவிடலாம். நாளைக்குப் பிள்ளை மண்டைதீவில். இடையில் நாலைந்து மணித்தியாலம்தானே! இந்தக் கணக்கை நினைத்து நினைத்து அவர் பிறகு எத்தனையோ நாள் தன்னையே ஏசியிருக்கிறார்.

கழற்றிய கயிற்றை மீனாம்பிகை பொலித்தீன் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சீட்டு ஒட்டினார்: 'சான்றுப் பொருள் இல. 1. அனுமதியற்ற பற்றுறுப்பு.' நாலு மாதமாக இல்லாமலிருந்த கயிறு அன்றைக்குத்தான் முதன்முதலாக இருந்தது.

பணிப்பாளர் பேசினார்.

"பெரியோர்களே! நாலு போல்ட் வாங்க எங்களுக்கு நாலு மாதம் சென்றது என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், அவசரப்பட்டு ஒரு நாளில் வாங்கியிருந்தால் இந்தக் குழு எங்கே? இந்த அறிக்கை எங்கே? இன்று நீங்கள் உண்ணப்போகும் இந்தப் புரியாணி எங்கே? கோபுரம் விழலாம். விழுந்த கோபுரத்தைத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் ஒரு கோப்பு விழுந்தால் அதைத் தூக்குவார் யார்? எங்கள் அதிகாரசபையில் இதுவரை ஒரு கோப்பாவது விழுந்ததுண்டா?"

கைதட்டல் எழும்பிய அதே நேரம் மேலே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சில்வெஸ்ரர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். சோளகம் போகிற போக்கில் ஒரு தள்ளுத் தள்ளியது. இன்னொரு 'டிக்'. அன்ரனா ஆறுதலாக, பழகின வழியாலே, தென்மேற்கே திரும்பிற்று.

பணிப்பாளர் வானொலியின் ஒலிவாங்கியை எடுத்துத் தலைமையகத்தை அழைத்தார். "வரலாற்றுச் சிறப்புமிக்க முதலாவது அழைப்பு இது. கேட்கிறதா? ஓவர்."

"கேக்குதுண்ணே! எத்தனை நாளாச்சு உங்க குரலைக் கேட்டு! நல்லாருக்கீகளா?" என்றது வானொலி.

"தலைமையகம் நலம் விசாரிக்கிறது" என்று பணிப்பாளர் சபைக்கு அறிவித்தார். "பாராட்டுக்கு நன்றி. ஓவர்."

"இறால் எம்புட்டு வச்சிருக்கீக?"

பணிப்பாளர் இந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சின்னத்தங்கம் சைக்கிளை மதிலில் சாத்தாமல் நிலத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சில்வெஸ்ரர்! நிமலினிக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. படகைக் கூப்பிடும், கெதியா!"

சில்வெஸ்ரர் மேலே கையைக் காட்டிக் கத்தினார். "அன்ரனா திரும்பீட்டுது, ஐயா! விடுங்கோ, கட்ட வேணும்!"

"திரும்பியிருக்க ஏலாது" என்றார் பணிப்பாளர் திடமாக. "சான்றிதழ் 2024 வரைக்கும் கிடக்கு."

"அங்கை பாருங்கோ, நிமிர்ந்து பாருங்கோ!"

"நான் ஏன் பாக்க வேணும்? நான் வாசிச்சனான்."

"அந்தக் கயித்தைத் தாருங்கோ ஐயா. என்ரை பிள்ளை செத்துப்போவாள்!"

"முத்திரை வைச்ச சான்றுப் பொருள். திறக்கிறதெண்டால் மூண்டு கையெழுத்து வேணும். ரெண்டு பேர் இஞ்சை நிக்கினம். மூண்டாமவர்..." பணிப்பாளர் சுற்றிப் பார்த்தார். "மூண்டாமவர் புரியாணியோடை வருவார்."

பன்னிரண்டு வருசச் சேவையில் ஒரு கடித உறையைக்கூட அனுமதியில்லாமல் திறக்காத மீனாம்பிகை, எழும்பிப் பையை எடுத்தார். அரக்கைப் பல்லால் கடித்தார். பை கிழிந்தது.

"இந்தாருங்கோ அண்ணை. ஓடுங்கோ."

கயிறு காய்ந்து முறுகிப்போயிருந்தது. நனைக்க வேண்டும். சில்வெஸ்ரர் கண்காட்சி மேசைக்குப் பாய்ந்து, சோதனைக் கடல்நீர்ப் போத்தலுக்குள் கயிற்றை அமுக்கினார். இத்தனை கிழமையில் அந்தத் தண்ணீர் ஒரு வேலைக்கு உதவியது அப்போதுதான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

ஐம்பத்துமூன்று வயதில் அந்த எண்பது அடியை அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கூப்பிட்டார். உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. இரண்டு துண்டாகிப்போன ஏழாம் இலக்கத்தைத் தட்டி எறிந்துவிட்டு, அன்ரனாவை நெஞ்சால் தள்ளிக் குறிகட்டுவான் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கட்டினார். பதினெட்டுச் சுற்று, குறுக்கே நாலு.

"கூப்பிடுங்கோ!" என்று மேலிருந்து கத்தினார்.

கீழே சின்னத்தங்கம் பணிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார். குறிகட்டுவான் முதல் அழைப்பிலேயே பதில் சொன்னது.

நோயாளர் படகு வந்தது. நிமலினியைத் தூக்கி ஏற்றினார்கள். சின்னத்தங்கம் கூடவே போனார். படகில் ஒருவருக்குத்தான் இடமிருந்தது. சில்வெஸ்ரர் வானொலிக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டார். லோஞ்சில் புரியாணி வந்தது, பிரமுகர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போனார்கள். அவர் அசையவில்லை. கயிறு மேலே காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. பின்னேரம் நாலரைக்கு வானொலி கரகரத்தது. குறிகட்டுவான்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சேதியை வாசித்தான்.

"ஓப்பரேசன் முடிஞ்சுதாம். பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ஓவர்."

சில்வெஸ்ரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. "ஓவர்" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரசபையின் ஆண்டறிக்கையில் அந்தச் சம்பவம் ஒரு முழுப் பக்கம் பிடித்தது. குழு தெரிவுசெய்த ஏழாம் இலக்கப் பற்றுறுப்பு பொருத்தப்பட்ட அன்றே ஓர் உயிரல்ல, இரண்டு உயிர்கள் காக்கப்பட்டன என்றும், அன்று முதல் அன்ரனா ஓர் அங்குலமும் திரும்பவில்லை என்றும் அதில் இருந்தது. இரண்டாவது பகுதி முழு உண்மை.

மார்கழியில் சில்வெஸ்ரருக்கு ஒரு கடிதம் வந்தது. விழா நாளன்று காணாமற்போன சான்றுப் பொருள் இலக்கம் ஒன்றைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. நிமலினி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்துக் காட்டினாள்.

"என்ன அப்பா செய்யப்போறியள்?"

"கடதாசி எடு பிள்ளை" என்றார் சில்வெஸ்ரர். "அவையின்ரை பாசையிலையே எழுதுவம்."

அவர் சொல்லச் சொல்ல நிமலினி எழுதினாள்:

'மேற்படி பொருள் காணாமற் போகவில்லை. எண்பது அடி உயரத்தில் அன்ரனாவைப் பிடித்துக்கொண்டு பாவனையில் இருக்கிறது. எந்தப் பற்றுறுப்பும் இதே கோபுரத்தில் இருபது வருடம் உழைத்ததற்குச் சான்று வேண்டும் என்று தங்கள் படிவம் பதினான்கு கேட்பதால், அச்சான்று தற்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. 2024 புரட்டாதியில் பூர்த்தியாகும். அப்போது பொருளையும் படிவத்தையும் நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பவர் எனது பேத்தி நிலக்சனா. இன்றைய வயது மூன்று மாதம். அவர் வரும்போது இருக்க ஒரு கதிரை கொடுக்கவும். அவருடைய அம்மப்பா நாலு மாதமும் நின்றார்.'

கடிதம் தலைமையகத்தில் மீனாம்பிகையின் மேசைக்கு வந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். '2024 புரட்டாதியில் மீளச் சமர்ப்பிக்கவும்' என்று முத்திரை குத்தி அலுமாரியில் வைத்தார். பிறகு பார்வையாளர் கதிரைக்கான அனுமதிப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்து, அன்றைக்கே நிரப்பத் தொடங்கினார். இப்போதே அனுப்பினால்தான் நேரத்துக்குக் கிடைக்கும்.